கலாவுக்கு, நாகையிலிருந்து

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பிளஸ் டூ போய்விட்டாள்.

உங்கள் கம்பெனி ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து புயல் எச்சரிக்கைக்கு ஆப் செய்யப்போகிறது, எப்படிச் செய்தால் உபயோகப்படும் என்று கேட்டிருந்தாய். எனக்கு முதலில் நல்லவாடுதான் நினைவுக்கு வருகிறது.

புதுச்சேரிப் பக்கத்து மீனவக் கிராமம் அது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே தகவல் மையம் வைத்து, ஊருக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கியும் கட்டியிருந்தது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துப் பதறி வீட்டுக்குப் போன் செய்தார். உடனே ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். ஏறத்தாழ 3,600 பேர் இருந்த ஊர், ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காகக் கட்டியது இல்லை கலா. அன்றாடச் சேதி சொல்லிச் சொல்லி ஊருக்குப் பழகிப்போன குரல். அதனால்தான் ஓடச் சொன்னதும் ஓடினார்கள்.

பிறகு அதே நிறுவனம் குவால்காம் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து மீனவர்களுக்கென்று ஒரு மொபைல் செயலி செய்தது. அலை உயரம், காற்று, மீன் இருக்கும் இடம் எல்லாம் ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையத்திலிருந்து வந்து தமிழில் தெரியும். கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். நல்ல வேலை. ஆனால் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் சிக்னல் இருக்காதே! 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்துக்காரர்கள் பலர் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். புயல் சேதி அவர்களை எட்டவே இல்லை. நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. 2019இல் செயற்கைக்கோள் வழியாகச் சேதி வாங்கித் தரும் ஜெமினி என்ற கருவி வந்தது. அதிலும் சேதி வரும், படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது.

இங்கே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு கம்பெனி எங்கள் குப்பத்துக்குக் காற்று நிலவரம் காட்டும் முப்பது போன் கொடுத்தது. மேடை, போட்டோ எல்லாம் ஆயிற்று. பதினாலு மாதத்தில் சர்வர் நின்றுபோனது. கூப்பிட்டால் அந்தத் திட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனை எடுத்து வந்து, "இதில் இன்னும் போன வருஷக் காற்றுதான் காட்டுதும்மா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை.

ஆகவே உன் மேலாளரிடம் முதலில் எத்தனை வருஷம் நடத்துவீர்கள் என்று கேள். பத்து என்று எழுதி வாங்கு. அப்புறம், ஈரக் கைக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது, அதனால் சேதி குரலாக வரட்டும். "அலை 2.5 மீட்டர்" என்பதோடு "ஆள் உயரத்துக்கு மேலே" என்றும் சொல்லட்டும். மின்சாரம் போன இரவிலும் பேசும்படி ஊர்க் கோயில் மைக்குக்கு ஒரு பேட்டரி வாங்கிக் கொடுங்கள். ஆப்பைவிட அது மலிவு.

வடிவமைக்கிற பிள்ளைகளை ஐப்பசிக்கு முன்னால் கூட்டி வா. நம் வீட்டு மொட்டை மாடியிலேயே படுத்துக்கொள்ளலாம். விடியற்காலை நாலு மணிக்குப் படகு இறங்கும் இடத்துக்கு நானே அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
தேவகி