ராபர்ட் ஓவனை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழிற்புரட்சிக் காலப் பொருளாதாரச் சிந்தனைகள் பற்றிய கட்டுரை படித்தேன். ஆடம் ஸ்மித்திலிருந்து ஒரே தாவாக மார்க்ஸுக்குப் போய்விட்டார் கட்டுரையாளர். நடுவில் ராபர்ட் ஓவன் என்ற மனிதர் என்ன ஆனார்?

1800இல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையை நடத்த வந்தவர் ஓவன். கூலியைக் குறைத்து, வேலை நேரத்தை நீட்டினால்தான் லாபம் என்று மற்ற முதலாளிகள் சாதித்த காலம் அது. இவர் பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை ஆலைக்குள் விடவில்லை; பள்ளிக்கு அனுப்பினார். அமெரிக்கப் பருத்தி வராமல் ஆலை நின்றபோதும் கூலி கொடுத்தார். அப்படியும் ஆலை நல்ல லாபம் பார்த்தது. ஆனாலும் செலவைப் பார்த்துக் கூட்டாளிகள் முணுமுணுத்தார்கள். அதனால் 1813இல் புதுக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டார். தத்துவவாதி பெந்தம் அவர்களில் ஒருவர்.

அதற்காக ஓவனைப் புனிதராக்க வேண்டாம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் பக்கத்தில் நாலு பக்கமும் நாலு நிறம் பூசிய ஒரு மரக்கட்டை தொங்கும். நேற்று ஒழுங்காக நடந்திருந்தால் வெள்ளைப் பக்கம் முன்னால் தெரியும், மோசமென்றால் கறுப்பு. திட்டு, அடி கிடையாது, சரி. ஆனால் ஊரே பார்க்கும்படி மதிப்பெண் போடுவதும் ஒருவகை மேய்ப்புதானே!

ஓவனின் கருத்துகளைப் பின்பற்றியவர்கள் 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் தொடங்கிய கூட்டுறவுக் கடையின் வழியில் வந்ததுதான் 1904இல் உருவான நம் திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம். அதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிடலாம்.

- வாசகர், திருப்பூர்