காலி வண்டி

சங்ககிரி,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அதற்கப்புறம் நீ இரண்டு முறை போன் செய்தும் நான் திருப்பிக் கூப்பிடவில்லை. தப்புதான். தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எருமை கன்று போட்டுவிட்டதா? இங்கே எல்லோரும் சுகம். கட்டையண்ணன் இன்னும் அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதே ஆத்தூர்க் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அந்தக் கதையில் மழை புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

எத்தனை வருஷம் கழித்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன்! போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய். மீதியைக் கேட்கமாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் சின்னவன் நன்றாக இருக்கிறான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி, அப்புறம் மேலே படி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுவதற்காகப் பட்டறைக்குப் போயிருந்தேன். எந்தப் பட்டறை என்று கேட்காதே, அவர்கள் பிழைப்பிலும் மண் போட வேண்டாம். அங்கே வேப்பமரத்து நிழலில் ஒரு டேங்கர் நின்றது. பார்த்தால் உன் மகன் ஓட்டுகிற வண்டி. மேலே ஏறுகிற ஏணியில் ஒரு படி பிடுங்கிக்கொண்டு தொங்கியது. வெல்டிங்காரப் பையன் கேபிளை இழுத்துக் கொண்டுவந்து, ஹோல்டரில் ராடு மாட்டி, கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தான். உன் மகன் அந்தப் படியைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் கத்தவில்லை மாப்ளே. ஓடிப்போய் மெஷின் சுவிட்சை அணைத்தேன். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

"என்ன மாமா, காலி வண்டிதானே?" என்றான். "காலையிலேயே தர்மபுரியில் இறக்கியாச்சு. மூடியெல்லாம் திறந்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்து வாங்கவிட்டேன். ஏத்தினதும் டீசல்தான்." கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்கிற பையன் மாதிரி பணிவாகத்தான் சொன்னான். அவனுக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"நேற்று என்ன ஏத்தினே?" என்றேன். யோசித்தான். டேங்கில் இருக்கிற நாலு அறையில் முன்னால் இரண்டில் பெட்ரோல், பின்னால் இரண்டில் டீசல். இன்றைக்குப் பின்னால் இரண்டில் மட்டும் டீசல், முன்னால் இரண்டிலும் ஒன்றும் ஏற்றவில்லை. அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை.

எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னேன். பட்டறையில் எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைக்கச் சொன்னேன். இரண்டாவது அறையின் அடி வால்வைத் திறக்கலாம் என்றதும் அவன் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதைத் தட்டிவிட்டு, அலுமினிய வாளியை எடுத்து, பொறி பறக்காமல் இருக்கக் கம்பி போட்டு வண்டியோடு இணைத்தேன். திறந்தால் முதலில் சொட்டுச் சொட்டாக, அப்புறம் நூல் மாதிரி, ஒன்றரை லிட்டர் வந்தது. மத்தியான வெயில். வாளியின் விளிம்பைத் தாண்டித் தரையில் ஒரு நிழல் நெளிந்தது, சுடு தோசைக்கல்லுக்கு மேலே காற்று நெளியுமே அந்த மாதிரி. வாளியில் புகை இல்லை, ஒன்றும் இல்லை. நிழல் மட்டும் தரையோடு தரையாக வெல்டிங் மெஷின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதை அவனுக்குக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

பெட்ரோல் ஆவி காற்றைப் போல மூன்று நாலு மடங்கு கனம். மேல்மூடியைத் திறந்துவிட்டால் பறந்துபோக அது என்ன புகையா? அடியிலேயே படுத்துக் கிடக்கும். திறந்த மூடி வழியாக உள்ளே போகிற காற்று அதோடு கலந்து, தீப்பிடிக்கிற பதத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கிலிருந்து ஏழரை பங்குவரை ஆவி இருந்தால் அது வெடிக்கும். அதற்கு மேலே போனால் காற்று போதாமல் எரியாது. நிறைய லோடு இருக்கிற அறையில் திரவத்துக்கு மேலே ஆவி கெட்டியாக இருக்கிறது, இடமும் கொஞ்சம்தான். இறக்கிவிட்டு மூடியைத் திறந்து வைத்த வண்டிதான் சரியான பதத்துக்கு வந்து நிற்கிறது. ஐயாயிரம் லிட்டர் அறைக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோல் ஆவியானால் சுமார் 200 லிட்டர் ஆவி. அரை லிட்டர் மீதி இருந்தால் போதும், அறை முழுக்க நூற்றுக்கு இரண்டு பங்கு. அந்த இரண்டாவது அறையில் இருந்தது ஒன்றரை லிட்டர்.

டீசல் என்கிற சமாதானத்தையும் உடைத்துக் காட்டினேன். டீசலின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது அதன் ஆவி தீப்பிடிக்கத் தொடங்குகிற சூடு, குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது நம் தரக்கட்டுப்பாடு. பெட்ரோலுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே 40 டிகிரி. அதனால் டீசல் சாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேற்றுப் பெட்ரோல் இருந்த அறையில் இன்று டீசல் ஏற்றினால், டீசல் கொஞ்சம் பெட்ரோல் ஆவியைக் குடித்துக்கொள்கிறது. அறைக்குள் இருக்கிற கலவை கெட்டியிலிருந்து குறைந்து அதே பதத்துக்கு வருகிறது. போதாக்குறைக்கு டீசல் குழாயில் ஓடும்போது அதிலேயே மின்சாரம் ஊறுகிறது. இந்த மாதிரி மாற்றி ஏற்றும்போதுதான் ஒரு சின்னப் பொறி போதுமானதாகிவிடுகிறது. வெல்டிங் சூடு தகட்டில் பட்டால் ஓரங்களில் ஒட்டியிருக்கிற டீசலும் ஆவியாகிவிடும். தனி டீசல் வண்டியாக இருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன்.

நீ இப்போது "அவனுக்கு இதெல்லாம் சொல்லித்தரவில்லையா" என்று கேட்பாய். மூன்று நாள் பயிற்சி முடித்து, லைசென்சில் அபாயச் சரக்குக்கான பதிவும் வாங்கியிருக்கிறான். டிப்போவுக்குள் அவன் லோடு ஏற்றுவதை ஒருநாள் நின்று பார்த்தேன். உனக்கும் எனக்கும் அந்த வயசில் அந்த ஒழுங்கு கிடையாது. கேட்டில் போனைக் கொடுக்கிறான். சைலன்சரில் பொறி தடுப்பானைக் காட்டுகிறான். லோடு ஏற்றுகிற இடத்தில் நிறுத்தியதும் என்ஜின் அணைத்து, பேட்டரி சுவிட்சைத் திருப்பி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, சாவியை ஒப்படைக்கிறான். எர்த் கிளிப்பைப் பெயின்ட் மேல் கடிக்கவிடாமல் வெறும் உலோகம் தெரிகிற இடமாகப் பார்த்து மாட்டுகிறான். லோடிங் குழாய் அறையின் அடிவரைக்கும் இறங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறான். குழாயின் வாய் மூழ்கும்வரை மெதுவாகத்தான் விடவேண்டும், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம்தான் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. ஏற்றி முடித்ததும், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற டிப் ராடைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் கொஞ்ச நேரம் நிற்கிறான். ஏன் என்று கேட்டால், "உள்ளே ஊறின கரன்ட் இறங்கணும் மாமா" என்கிறான். பங்க்கில் இறக்கும்போதும் அப்படித்தான். மேனேஜர் அவசரப்படுத்தினாலும் பத்து நிமிஷம் வண்டியைச் சும்மா நிற்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பேஸ்ட் தடவிப் பார்த்து, டென்சிட்டி பார்த்து, ஹோஸ் கோத்த இடத்தை விட்டு நகராமல் நிற்கிறானாம்.

ஆக, லோடு இருக்கிறவரைக்கும் பையன் தங்கம். டிப்போவிலும் பங்க்கிலும் நாலு கண்கள் அவனைப் பார்க்கின்றன. லோடு இறங்கி இன்வாய்ஸில் கையெழுத்து வாங்கியதும் அவன் மனசில் வண்டி வெறும் தகர டப்பாவாகிவிடுகிறது. தர்மபுரியிலிருந்து திரும்பி வரும்போது தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறானா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். போகும்போது பதினாறரை டன் டீசலோடு கியரைப் பார்த்துப் பார்த்து ஏறுகிறவன், வரும்போது காலி வண்டிதானே என்று விடுகிறான். அந்த இரட்டைப் பாலத்துக்கிட்டே நாம் பார்த்ததை எல்லாம் நீ மறந்திருக்கமாட்டாய். அதற்கு மட்டும் அங்கேயே நன்றாகத் திட்டினேன், மறைக்கவில்லை.

வண்டி முதலாளி மேல் எனக்குக் கோபம் உண்டு. ஏணி உடைந்திருந்தால் மறுநாள் டிப்போ சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு நடை போய்விடும், அதனால் சாயங்காலத்துக்குள் சரி பண்ணு என்று போனில் சொன்னது அவர்தான். எப்படிச் சரி பண்ணுவது என்று சொல்லவில்லை. நெருப்பு வேலை பார்க்க வேண்டுமென்றால் அறையைத் தண்ணீராலும் நீராவியாலும் கழுவி, காற்று ஓட்டி, மீட்டர் வைத்துப் பார்த்து, ஆவி இல்லை என்று தகுதியுள்ளவர் சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டும். பெட்ரோலியம் விதிகளிலேயே இருக்கிறது. நானே அவருக்குப் போன் செய்து சொன்னேன். இரண்டு நாள் ஆகும், செலவாகும் என்று இழுத்தார். ஆகட்டும் என்றேன். நேற்று நாலு அறையையும் கழுவி, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் ஏணியில் ராடு வைத்தார்கள். நான் கூடவே நின்றேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் என்னிடம் கேட்டான்: "மாமா, அப்பா ஏன் டேங்கரை விட்டார்?" முதுகு வலி என்று நீ சொல்லி வைத்திருக்கிறாய். நான் என்ன சொல்வது? ஆமாம், முதுகு வலிதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை.

98-இல், அந்த பங்க்கில் இறக்கி முடித்த பிறகு, நம் கிளீனர் பையன் கைதவறி டிப் ராடு உள்ளே விழுந்தது. பித்தளை ராடு, விலை அதிகம், நீ திட்டுவாய் என்று பயந்துவிட்டான். நீ டீ வாங்கப் போயிருந்தாய். நான் கீழே ஹோஸ் சுருட்டிக்கொண்டிருந்தேன். காலி வண்டி என்றுதான் அவனும் இறங்கினான். நான் மேலே ஏறிப் பார்த்தபோது ராடு அவன் கையில் இருந்தது, முகம் மேலே பார்த்தபடி இருந்தது. நீ ஓடிவந்து மூடிக்குள் கால் வைத்தாய். நான் உன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நீ என் மணிக்கட்டைக் கடித்தாய். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது மாப்ளே. தீயணைப்பு வண்டி வந்து, முகத்தில் காற்றுக் கருவி மாட்டிக்கொண்டு ஒருவர் இறங்கித் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. உள்ளே மூச்சு விடுவதற்குக் காற்றே இல்லை. நீ இறங்கியிருந்தால் உன்னையும் தூக்கியிருப்பார்கள்.

உன்னைப் பிடித்ததற்காக நீ ஒரு வருஷம் என்னிடம் பேசவில்லை. அதைப் பற்றி நாம் இன்றுவரை பேசியதும் இல்லை. நான் உன்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, அன்றும் இல்லை இன்றும் இல்லை. உன் மகன் அதே தொழிலுக்கு வந்தபோது நீ அவனிடம் சொல்லியிருப்பாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் சொல்லியிருப்பேன் என்று நீ நினைத்திருப்பாய். இருவருமாகச் சேர்ந்து அவனை ஒன்றும் தெரியாமல் அந்த ஏணிக்குக் கீழே நிறுத்திவிட்டோம்.

நான் சொன்னால் அவன் பாடமாகக் கேட்டுக்கொள்வான். ஆவி, பதம், சதவீதம் எல்லாம் நான் சொல்லியாகிவிட்டது, அவன் நோட்டில்கூட எழுதிக்கொண்டான். அந்தப் பையனைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும். அவன் பெயரைச் சொல்லி, அவன் வயசைச் சொல்லி, நீ யார் மேல் பாய்ந்தாய் என்பதையும் சேர்த்துச் சொல். அழுகை வந்தால் வரட்டும். தங்கச்சி பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அவளுக்கும் முதுகு வலிக் கதைதான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நடந்ததற்காக அவனை அடிக்கவோ திட்டவோ செய்யாதே. அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டான், அடுப்பை அணைக்க அவன்தான் முதலில் ஓடினான். அவனிடம் நல்ல டிரைவருக்கான எல்லாம் இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. அவனுக்குச் சனிக்கிழமை இரவு லோடு இல்லை, கேட்டுவிட்டேன். ஞாயிறு காலையில் அவனும் என் வீட்டுக்கு வருகிறான், நீ வருவது அவனுக்குத் தெரியாது. கட்டையண்ணனிடம் சொல்லாதே, பெஞ்சைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவார். வரும்போது உங்கள் ஊர் நாட்டுச்சர்க்கரை இரண்டு கிலோ எடுத்துவா. முதல் பஸ்ஸில் ஏறினால் ஒன்பது மணிக்கு இறங்கிவிடலாம், ஸ்டாண்டில் நான் நிற்பேன்.

உன்,
மச்சான்