இசிஜி தம்பிக்கு

என் நெஞ்சுப் படபடப்புக்குச் சென்னையில் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள். வலது தொடை மடிப்பில் குழாய் போன இடம் மட்டும் கன்னிப்போய் இருக்கிறது. நெஞ்சு தன் வேலையைச் சத்தமில்லாமல் பார்க்கிறது. நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. படபடப்பு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று ராத்திரி உங்களில் பாதிப் பேர் எங்கள் வாசலில்தான் நின்றீர்கள்.

நன்றி என்று யோசித்ததும் முதலில் நினைவுக்கு வருவது சென்னை டாக்டர் இல்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டியில் இருந்த இசிஜி தம்பி. போனில் கூப்பிட்டு, எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க அக்கா, பேர் மட்டும் போடாதீங்க. அப்புறம் எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லுவாங்க" என்று சிரித்தார். ஆகவே தம்பி என்றே எழுதுகிறேன்.

ஆறு வருஷமாக என் படபடப்பு வந்த நேரத்தில் யாருமே அதைப் பார்த்ததில்லை. திடீரென்று கிளம்பும், கழுத்து நரம்பு தவளைத் தொண்டை மாதிரி அடித்துக்கொள்ளும், ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் சட்டென்று நின்றுவிடும். அதற்குப் பிறகு எடுக்கும் இசிஜி எப்படி இருக்கும்? நார்மல்தான். "டீச்சர் வேலை, டென்ஷன் எடுத்துக்காதீங்க" என்று ஒரு இடத்தில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நானும் நம்பினேன். என் மனசுதான் சரியில்லை போல என்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைத்தேன்.

அன்று மட்டும் அது நிற்காமல் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தது. நிமிடத்துக்கு 190. டூட்டி டாக்டர் ஊசியோடு வந்துவிட்டார். "ஒரு நிமிஷம் சார், பன்னிரண்டு லீடும் எடுத்துடறேன்" என்றார் தம்பி. இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் காட்டும் கோடுகள் அவை. எடுத்த பிறகும் மெஷினை நிறுத்தவில்லை. துடிப்பை அடக்கும் அடினோசின் மருந்து 6 மில்லிகிராம் நரம்பில் இறங்கியபோது காகிதம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மருந்து ரத்தத்தில் சில விநாடிகள்தான் தங்குமாம். அந்தச் சில விநாடியில் என் உயிர் கட்டிலை விட்டு இறங்கி, வாசல் வரை போய்த் திரும்பி வந்தது. காகிதத்திலும் அது அப்படியே விழுந்திருந்தது: நெருக்கியடித்த துடிப்புகள், கொஞ்சம் வெற்றுக்கோடு, பிறகு சாவகாசமாக ஒரு துடிப்பு, இன்னொன்று.

கடமை அதோடு முடிந்தது. காலை ஆறு மணிக்கு டூட்டி முடிந்து பைக்கை எடுத்தவர், எதிர் ஜெராக்ஸ் கடை திறக்கும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பி வந்தார். மேலே பேனாவால் தேதி, நேரம், 'மருந்துக்கு முன்', 'மருந்துக்குப் பின்'. "இந்த இசிஜி பேப்பர் ஏடிஎம் சீட்டு மாதிரி அக்கா, சூடு பட்டா வெளுத்துடும். ஒண்ணு பர்ஸ்ல வெச்சுக்கோங்க, ஒண்ணு வீட்ல." நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். அசலை பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்தேன். மூன்று மாதம் கழித்து சென்னைக்குப் போகும்போது எடுத்துப் பார்த்தால் பாதிக் கோடுகளைக் காணோம்.

ஜெராக்ஸ் இருந்தது. இதயத் துடிப்புக்கென்றே இருக்கும் அந்த இபி டாக்டர் மற்ற ஃபைலையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வி1 என்ற வரியில் ஒவ்வொரு துடிப்பின் வாலிலும் இருந்த ஒரு சின்னப் புடைப்பைப் பேனா முனையால் காட்டினார். சாதாரண நேரத்து இசிஜியில் அது இல்லை. "இதை யாரும்மா எடுத்தது?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்சாரம் இறங்கும் இடம் ஏவி நோடு. என்னைப் போன்ற சிலருக்கு அங்கே இரண்டு வழிகள். ஒன்று வேகமானது, ஆனால் ஒருமுறை போனால் தயாராக நேரம் எடுக்கும். மற்றது மெதுவானது, சீக்கிரம் தயாராகிவிடும். முந்திக்கொண்டு வரும் ஒரு துடிப்பு, வேக வழி அடைத்திருப்பதைப் பார்த்து மெது வழியில் இறங்கும். கீழே போய்ச் சேர்வதற்குள் வேக வழி திறந்துவிட, அதன் வழியே மேலே ஏறும். பிறகென்ன, செக்கு மாடுதான். இரண்டு வழி இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாதவர்கள் நிறைய உண்டாம். இதற்குப் பெயர் ஏவிஎன்ஆர்டி. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறதாம், பதற்றம் என்ற பெயரும் அவர்களுக்குத்தான் எளிதாகக் கிடைக்கிறது.

மாத்திரையிலும் ஓட்டலாம், தொடை வழியே குழாய் விட்டு அந்த வழியைச் சுட்டுவிடும் அப்லேஷனும் செய்யலாம் என்றார். நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகும். நூற்றில் ஒருவருக்கு நல்ல வழியும் சேதமாகி பேஸ்மேக்கர் வைக்க நேரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் அப்லேஷன் என்றேன். விழித்தபடியே படுத்திருந்தேன். மின்துடிப்பு கொடுத்து அதை வரவழைத்தார்கள். "இதுதானேம்மா?" "இதேதான் டாக்டர்." கூப்பிடாமலே வந்துகொண்டிருந்ததைக் கூப்பிட்டு வரவழைத்து, மெது வழியைச் சுட்டுவிட்டு, மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். வரவில்லை.

அந்த டாக்டருக்கு, காத்திருந்த மாதங்களில் பத்து மில்லி சிரிஞ்சில் பதினைந்து விநாடி ஊதி உடனே படுத்துக் காலைத் தூக்கிப் படபடப்பை நிறுத்தப் பார்க்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் அக்காவுக்கு, என் வகுப்புகளை இழுத்துப் போட்டுக்கொண்ட தமிழ் ஐயாவுக்கு, வீடு திரும்பியதிலிருந்து சமையலறையை எனக்குக் காட்டாமல் வைத்திருக்கும் நாத்தனாருக்கு, காசு வாங்காத ஆட்டோ அண்ணனுக்கு, எல்லாருக்கும் நன்றி. உங்களுக்கெல்லாம் நேரில் வந்து இன்னும் நிறையச் சொல்வேன்.

ஒன்று மட்டும் நான்கைந்து நாளாக உறுத்துகிறது. போன வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பிரேயரில் உட்கார்ந்துவிட்டு, "நெஞ்சு படபடங்குது மிஸ்" என்றாள். "காலையில சாப்பிடலையா? தண்ணி குடி" என்று அனுப்பினேன். எனக்கே அது இருந்தும் சொன்னேன். கையைப் பிடித்து நாடியை எண்ணக்கூடத் தோன்றவில்லை. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன். அவள் இப்போது பத்தாம் வகுப்பு, பி பிரிவு. அம்மாவையும் வரச் சொல்லப் போகிறேன். இசிஜி எடுக்கும்படி ஆனால், ஜெராக்ஸ் என் செலவு, தம்பி.