மார்கழிக்குள் பஜனை கோயிலுக்குத் தளம் போட்டாக வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கோயிலின் ஓட்டுக் கூரையைப் பிரித்து நாலு மாதம் ஆகிறது. பெருமாள் படமும் விளக்கும் தர்மகர்த்தா வீட்டு நடையில் இருக்கின்றன. தளம் போட்டால் 21 நாள் முட்டு பிரிக்கக் கூடாது என்கிறார் மேஸ்திரி. கார்த்திகை 5-ம் தேதிக்குள் போட்டால்தான் மார்கழி முதல் நாள் பஜனை சொந்த இடத்தில் நடக்கும்.

மொத்தச் செலவு 11,80,000 ரூபாய். வந்தது 8,35,000. இன்னும் 3,45,000 வேண்டும். தளத்துக்கு 1,90,000, சுதை வேலைக்கும் கலசத்துக்கும் 85,000, பிள்ளையார் மாடத்துக்கு 40,000, கரண்ட் வேலைக்கு 30,000.

இந்த 40,000-தான் இப்போது பேச்சாக இருக்கிறது. "பெருமாள் வாசலில் பிள்ளையார் எதற்கு? நமக்கு முதல் பூஜை பெருமாளின் சேனைத் தலைவர் விஷ்வக்சேனருக்குத்தானே" என்று சிலர் கேட்டு, பணத்தைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆகமப்படி கட்டிய கோயிலானால் நாங்களும் அதையே சொல்வோம். இது பஜனை கோயில். அரசமரத்தடிப் பிள்ளையார் சுவர் எழும்புவதற்கு முன்பே அங்கே இருந்தவர். நாமம் போட்ட நம் தாத்தாக்கள் அவரைத் தும்பிக்கை ஆழ்வார் என்று கும்பிட்டுவிட்டுத்தான் ஜால்ராவைக் கையில் எடுத்தார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, பெருமாளின் தங்கை என்று இங்கிருந்துதான் தட்டு வரிசை போனது. ஸ்ரீரங்கத்துப் பெருமாளே தைப்பூசத்துக்குச் சமயபுரத்தாளுக்குச் சீர் அனுப்புகிறார். நாம் அனுப்பக் கூடாதா?

நம் பக்கத்துச் சோளிங்கரை, கடிகை என்ற பழைய பெயரில், "வண்பூங் கடிகை இளங்குமரன் தன்விண் ணகர்" என்று பாடியவர் பேயாழ்வார். அதே மூன்றாம் திருவந்தாதியில் இரண்டு பாட்டு தள்ளி, திருமலையப்பனைப் பார்த்து "தாழ்சடையும் நீள்முடியும்" என்று தொடங்கி, "இரண்டுருவும் ஒன்றாய் இசைந்து" என்று முடிக்கிறார். எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று ஆழ்வார் சொல்லிவிட்டதாக நாங்கள் வாதாட வரவில்லை. அவர் பார்த்தது பெருமாளை, சிவனுடைய சடையும் மழுவும் அவரிடமே தெரிந்தன. "அவரவர் இறையவர் குறைவிலர்" என்ற நம்மாழ்வாரும் நாராயணனைத்தான் முதலில் வைத்தார். பெருமாளே முதல் என்பவர்கள் அப்படியே இருக்கட்டும். ஆனால் வைகுண்ட ஏகாதசிக்குப் பள்ளிகொண்டா பெருமாள் கோயில், கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு விரிஞ்சிபுரம் சிவன் கோயில், ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை முருகன் கோயில் என்று மூன்று இடத்துக்கும் வண்டி கட்டிப் போன ஊர் இது. வாசலில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி எங்கே அனுப்புவது?

சரி, மாடத்துக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள் தளத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். தனிக் கணக்கில் வைக்கிறோம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகள் ஆளுக்கு 5,000 சேர்த்து முதல் லோடு கம்பியை இறக்கினார்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் தீபாவளி போனஸில் ஆளுக்கு 500 எடுத்து வைத்தார்கள். மகளிர் குழு வாரச் சீட்டில் மிச்சம் பிடித்து 22,000 கொடுத்தது. டீக்கடை உண்டியலில் சில்லறையாகவே 3,160 வந்தது. எண்ணி முடிக்க ராத்திரி பதினோரு மணி ஆகிவிட்டது. கொத்தனார் இரண்டு நாள் கூலியை விட்டுக் கொடுத்தார். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி 1,000 ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டு வந்தார். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. பெயரும் எழுதக் கூடாதாம்.

அந்தப் பாட்டி கொடுத்த ஊரில் 41 வீடுகள் இன்னும் ஒரு ரூபாயும் தரவில்லை என்பதைச் சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. கஷ்டத்தில் இருப்பவர்களைச் சொல்லவில்லை. மாடி மேல் மாடி எடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். சின்ன வயதில் மார்கழிக் குளிரில் சுண்டலுக்கும் பொங்கலுக்கும் வரிசையில் முதலில் நின்றவர்கள்தான். கல்வெட்டில் யார் பெயர் இல்லை என்று நாளைக்குப் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பணமாக முடியாதவர்கள் சிமெண்ட் மூட்டையாகவோ, தளம் போடும் அன்று ஆள் உதவியாகவோ, வேலையாட்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடாகவோ தரலாம். சனிக்கிழமை தோறும் சாயங்காலம் 6 மணிக்குப் பொருளாளர் கோயில் வாசலில் இருப்பார். அச்சிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும், குழுவில் இருப்பவர் கேட்டாலும், பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பஜனை கோயில் திருப்பணிக் குழு