அப்பாவின் டாஸுக்கு வண்ணம் அடிக்கும் முன்

மெரேபாங்க், டர்பன்
புரட்டாசி, இரண்டாம் சனி

அன்பு நண்பா,

உன் கடிதமும் காரின் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். புரட்டாசி என்பதால் வீட்டில் மீனும் இல்லை, கறியும் இல்லை. பருப்பும் கீரையுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பேத்தி கோயில் தமிழ் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். நாம் இருவரும் உட்கார்ந்து படித்த அதே வகுப்பு, இப்போது புதுக் கட்டடத்தில் நடக்கிறது. உன் மனைவிக்கு முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் உங்கள் லெனேசியாவின் குளிர் போய்விட்டதால் இனி நடைப்பயிற்சியை விடாமல் செய்யச் சொல்.

அப்பாவின் பழைய டொயோட்டா டாஸ் காரை விற்கப் போவதில்லை, துருவை நீயே எடுத்து வீட்டிலேயே வண்ணம் அடிக்கப் போகிறாய் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த வண்டி நம் ஊர்க்காரன். உங்கள் இசிப்பிங்கோ வீட்டுக்குப் பக்கத்திலேயே, ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் பிறந்தது. 2006இல் தயாரிப்பு நின்றுபோன பிறகும் சாட்ஸ்வர்த் மேடுகளில் இன்றும் எத்தனையோ டாஸ் ஏறி இறங்குகிறது. உதிரிபாகத்துக்கும் கஷ்டம் இல்லை. எஞ்சின் நன்றாக இருந்தால் உடம்பைக் காப்பாற்றுவது நிச்சயம் தகும்.

ஆனால் வண்ணம் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை அப்படியே அலமாரியில் எடுத்து வை. இந்த வேலையில் வண்ணம் கடைசிப் படி. நீ முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அந்த வண்டியில் தண்ணீர் எங்கே தங்குகிறது என்பதை.

நீ அனுப்பிய படத்தில் இடப்பக்கப் பின்சக்கர வளைவிலும் கதவின் அடி விளிம்பிலும் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி இருக்கிறது. கல் பட்டு மேலே வந்த துரு என்று நீ நினைக்கிறாய். கல் பட்ட துரு வேறு மாதிரி இருக்கும். நடுவில் ஒரு காயம் தெரியும், அதைச் சுற்றித்தான் பழுப்பு பரவும். காயமே இல்லாமல் வண்ணம் உப்பினால், பெரும்பாலும் தகரத்தின் பின்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே ஒரு விரல் அகலம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார். நல்ல தகரம் கணீரென்று பேசும், துருத் தின்ற இடம் மந்தமாகச் சத்தம் போடும். முனையால் அழுத்திப் பார்க்கவும் தயங்காதே. குத்தினால் ஓட்டை விழும் தகரம் ஏற்கெனவே போன தகரம்தான். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தால், முன்பு யாராவது பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, வைத்து மூடிய இடமும் தெரிந்துவிடும். காந்தம் அங்கே பிடிப்பு இல்லாமல் வழுக்கும்.

டர்பன் கடற்கரையில் இத்தனை வருஷம் நின்ற வண்டி அது. காற்றிலேயே உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வெயில் அடித்தாலும் மடிப்புகளுக்குள் முழுதாகக் காய விடாது. நீ அதை 570 கிலோமீட்டர் தள்ளி, காய்ந்த மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்விட்டாய் என்பது நல்ல விஷயம். இருந்தாலும் கதவுக்குள்ளும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சில்லுக்குள்ளும் படிந்த உப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் முதல் வேலை தண்ணீர் வேலை. ஒவ்வொரு கதவின் அடியிலும், சில்லின் அடியிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். மண்ணும் இலையும் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திற. பிறகு குழாய் வைத்து நல்ல தண்ணீரை உள்ளே விட்டு, வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை கழுவு. கதவைத் திறந்துவைத்து நன்றாகக் காய விடு.

ஏப்ரல் 2022 வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். ப்ராஸ்பெக்டன் ஆலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து பல வாரம் உற்பத்தி நின்றது. அந்த வாரம் அப்பாவின் வண்டி தெருவில் நின்றதா, மேட்டில் நின்றதா? தெருவில் நின்றிருந்தால் கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பார்க்காமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதே. கம்பளத்தின் அடியில் இருக்கும் பஞ்சு ஒருமுறை சேற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டால் லேசில் காயாது. பின்கதவின் ரப்பரையும், முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகளையும் பார். அங்கே ஒழுகினால், நீ வெளியே எவ்வளவு அழகாக வண்ணம் அடித்தாலும் அடுத்த வருஷமே கொப்புளம் திரும்பி வரும்.

சரி, அப்புறம் தகர வேலை. தேய்க்கத் தொடங்கும் முன்பே வண்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகும் கிரீஸும் போக்கும் கரைப்பானால் துடைத்துவிடு. பலர் இதைத் தேய்த்த பிறகு செய்கிறார்கள். அதற்குள் பழைய பாலிஷ் எல்லாம் உப்புத்தாளோடு சேர்ந்து கீறலுக்குள் இறங்கிவிடும், வண்ணம் அங்கே மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும். துரு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் நல்ல தகரம் பளிச்சென்று வரும்வரை, அதைத் தாண்டி இன்னும் இரண்டு மூன்று விரல் அகலம் வண்ணத்தை எடு. கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டால் வேகமாகப் போகும், ஆனால் அது குழிக்குள் இருக்கும் துருவை எடுக்காமல் மேலே மெருகேற்றிவிட்டுப் போகும். பார்க்கப் பளபளக்கும், குழியின் அடியில் கறுப்புப் புள்ளி நிற்கும். அந்தப் புள்ளிகளுக்குத்தான் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வைத்து, எழுதியிருக்கும்படியே கழுவித் துடைத்துக் காயவை. அமிலம் மிச்சம் இருக்கும் தகரத்தின் மேல் எப்பாக்சி பிரைமர் என்னும் அடிப்பூச்சோ பட்டியோ போட்டால் ஒட்டாது. இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொள், தூசி முகமூடி போட்டுக்கொள்.

ஓட்டை விழுந்த இடத்தில் இரண்டே வழி. கெட்ட தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் பற்றவைப்பது, அல்லது அந்தப் பாகத்தையே மாற்றுவது. பைபர்கிளாஸ் துணியும் பட்டியும் வைத்து மூடுவது மூன்றாவது வழி என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நான் அதை வழியாகவே எண்ணுவதில்லை. பின்னால் இருக்கும் துரு அப்படியே இருக்கும், ஓரத்தில் ஈரம் சேரும், அது தின்னும். உன் டாஸின் கதவுக்கு பழைய வண்டிகளை உடைத்துப் பிரிக்கும் யார்டில் நல்ல கதவு கிடைத்தால் அதுவே லாபம். சக்கர வளைவுக்கு 0.8 மில்லிமீட்டர் தகரம் போதும். மிக் வெல்டிங்கில் ஒரே கோடாக ஓட்டாமல் புள்ளி புள்ளியாக, தூரத் தூர இடங்களில் வைத்து, ஆறவிட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் தகரம் அலை அலையாக வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்று, இருக்கையையும் கம்பளத்தையும் வெளியே எடு, பெட்ரோல் டாங்க் அந்தப் பக்கம்தான் என்பதை மறக்காதே, பக்கத்தில் தீயணைப்பான் வை. சில்லோ, தரையோ, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமோ தின்றிருந்தால் நீ தொடவே வேண்டாம். விபத்தில் உயிரைக் காக்கும் பாகம் அது. அனுபவமுள்ள பேனல் பீட்டரிடம், அதாவது வண்டியின் உடம்புத் தகரத்தைச் சரி செய்பவரிடம், கொடு. அப்பாவின் பெயரிலிருந்து உன் பெயருக்கு மாற்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வர்த்தி சான்றிதழ் வேண்டும். அதற்கான சோதனையில் வண்டியின் அடியையும் பார்ப்பார்கள்.

வலப்பக்கக் கதவில் உள்ள ஒடுக்கு எனக்குக் கவலை தரவில்லை. ஜேக்கப்ஸ் பட்டறையில் நான் விரும்பிச் செய்த வேலையே அதுதான். கதவின் உள் அட்டையைக் கழற்றினால் கை போகும். எல்லோரும் குழியின் நடுவில் பின்னாலிருந்து ஓங்கி அடிப்பார்கள். அப்படிச் செய்தால் தகரம் நீண்டு, பிறகு உள்ளே போகாமல் வெளியே போகாமல் டப் டப்பென்று துள்ளும். கதவு இடிபட்டபோது நடு முதலில் உள்ளே போனது, ஓரம் கடைசியில் மடங்கியது. நீ கடைசியில் மடங்கியதை முதலில் எடுக்க வேண்டும். உள்ளே இரும்புக் கட்டையை, நாங்கள் டாலி என்போம், குழிக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே எழும்பி நிற்கும் ஓர மேட்டில் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வா. மேடு இறங்க இறங்கக் குழி தானாக எழும்பும். கண்ணை நம்பாதே. உள்ளங்கையில் மெல்லிய துணி போட்டுத் தடவிப் பார், மேடும் பள்ளமும் கைக்குத் தெரியும்.

தகரத்தை எவ்வளவு சரி செய்கிறாயோ அவ்வளவுக்குப் பட்டி குறையும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்பட்டால் தகர வேலை முடியவில்லை என்று அர்த்தம். கடினமாக்கும் கலவை ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. எலுமிச்சம்பழம் அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி அளவு போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் போட்டால் பின்னால் வண்ணத்தில் மஞ்சள் கறையாக மேலே வரும். காற்றுக்குமிழி சேராமல் அழுத்தி அழுத்திக் கலக்கு. இறுகிய பிறகு விரலால் தேய்க்காதே, நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி எல்லாத் திசையிலும் குறுக்காகத் தேய். 80, பிறகு 120, பிறகு 180. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரைப் பட்டியின் மேல் எடுக்கவே கூடாது. பட்டி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அந்தத் தண்ணீர் நேராகத் தகரத்துக்குப் போகும்.

வீட்டில் செய்யும் வேலைகள் கெடுவது பெரும்பாலும் இதற்கு அடுத்த இடத்தில்தான். சாதாரண சாம்பல் நிற பிரைமரை அடித்துவிட்டு, வண்ணம் அடுத்த மாதம் என்று வெளியே நிறுத்திவிடுவார்கள். அந்த பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். மழை நின்ற பிறகு மேலே ஒன்றும் தெரியாது, அடியில் துரு தொடங்கியிருக்கும். அதனால் நீ எப்பாக்சி பிரைமர்தான் வாங்க வேண்டும். அது ஈரத்தை அடைக்கும். வெறும் தகரம் தெரிந்த அன்றைக்கே அதை மூடிவிடு. இங்கே எங்களுக்கு ஒரே ராத்திரியில் தகரம் பழுப்பாகிவிடும், உங்கள் ஊர்க் காற்று கொஞ்சம் பொறுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். எப்பாக்சி மேல் பட்டி வைக்கலாம், பட்டி மேல் மறுபடி எப்பாக்சி அடிக்கலாம். சில நாள் கழித்து அடுத்த பூச்சு போடுவதானால் லேசாகத் தேய்த்துவிட்டுப் போடு.

இதனால்தான் நீ அவசரப்படக் கூடாது என்கிறேன். ஐப்பசி வந்தால் ஜோஹன்னஸ்பர்க்கில் மத்தியான இடிமழை தொடங்கிவிடும். இப்போது தகர வேலையை முடித்து எப்பாக்சியில் வை. அது வெயிலில் மேலே மாவு மாதிரி ஆகும், கவலை இல்லை, தேய்த்தால் போய்விடும். ஏப்ரல், மே மாதத்தில் மழை ஓய்ந்து, குளிரும் வராமல், காற்று அடங்கியிருக்கும். வண்ணத்துக்கு அதுதான் காலம். பனி இறங்கிய தகரத்தில் ஒருநாளும் அடிக்காதே.

கடைசிப் பூச்சை மட்டும் உன் கராஜில் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை நட்பின் உரிமையில் சொல்கிறேன். நீ வாங்கியிருக்கும் டூகே கிளியர் என்னும் நிறமில்லாத மேல்பூச்சில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலில் போய்ப் பழகிவிட்டால் ஆஸ்துமா வரும், பிறகு வாழ்நாள் முழுக்க அதன் வாசனை அருகிலேயே போக முடியாது. வடிகட்டி வைத்த முகமூடி அதற்குப் போதாது, வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். என்னோடு வேலை பார்த்தவர்களில் இருமிக்கொண்டே ஓய்வு பெற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். உன் வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். தகரம், பட்டி, தேய்ப்பு எல்லாம் நீ முடித்துக் கொடுத்தால், வண்ணம் அடிக்கத் தனி அறை வைத்திருக்கும் பெயின்டர் கடைசிப் பூச்சை மட்டும் அடித்துத் தருவார். கூலியில் பெரும்பகுதி தேய்ப்புக்குத்தான் போகும், அதை நீ ஏற்கெனவே மிச்சப்படுத்திவிட்டாய். எப்பாக்சியின் டப்பாவையும் படித்துப் பார். ஐசோசயனேட் என்று இருந்தால் அதுவும் அவரிடம்தான். இல்லாவிட்டாலும் ஆவிக்கான முகமூடி, கையுறை போட்டு, கராஜுக்கு வெளியே, பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் வைத்துக்கொள்.

வண்ணம் முடிந்து சில வாரம் கழித்துக் கதவுக்குள்ளும் சில்லுக்குள்ளும் மெழுகு அடிக்க வேண்டும். நீளக் குழாய் வைத்த ஸ்ப்ரேயாகக் கிடைக்கும். பற்றவைத்த இடத்தின் பின்பக்கம் வெந்து வெறுமையாக நிற்கும், அங்கே கை எட்டாது, இது எட்டும். அடித்த பிறகு வடியும் ஓட்டைகளை மறுபடி கம்பியால் திறந்துவிடு.

தீபாவளிக்கு அங்கே வருகிறோம். டாலிகளும் சுத்தியல்களும் எடுத்துவருகிறேன், கதவு ஒடுக்கை இருவரும் சேர்ந்து எடுப்போம். அதற்குள் நீ கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தரை எப்படி இருக்கிறது என்று ஒரு படம் அனுப்பு. தரை போயிருந்தால் பேனல் பீட்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்