அம்மோனைட் தோற்றுப்போகவில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் பேரன் பொறுக்கிய அம்மோனைட்டின், அதாவது சுருள் ஓட்டோடு வாழ்ந்து கல்லாகிப்போன அந்தப் பழைய கடல் உயிரியின், படம் வாட்ஸ்அப்பில் வந்தது. கூடவே அவன் பேசி அனுப்பியதையும் கேட்டேன். "இது வீக், அதனால செத்துப்போச்சு. நாட்டிலஸ் ஸ்ட்ராங், அதனால இன்னும் இருக்கு" என்கிறான். நாட்டிலஸ் என்பது இன்றும் கடலில் வாழும் அதன் தூரத்து உறவு, அதற்கும் சுருள் ஓடுதான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இத்தனை வருஷம் அம்மோனைட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதை வீக் என்றால் எனக்குப் பொறுக்குமா? போனில் சொன்னால் நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்பாய். அதனால்தான் கடிதம். அவனுக்குப் புரிகிற மாதிரி நீயே எடுத்துச் சொல்.

அம்மோனைட்டின் குலம் கடலில் தோன்றி ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது மறைந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். நடுவில் உள்ள காலத்தைக் கழித்துப் பார். முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட குலம் அது. நம் மனித இனத்துக்கு மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது, நாம் அதை வீக் என்கிறோம்!

அதுவும் சும்மா ஆளவில்லை. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் வந்ததுதான் பூமி கண்டதிலேயே பெரிய அழிவு. கடல் உயிரினங்களில் பத்தில் எட்டுக்கு மேல் போய்விட்டன. அம்மோனைட் குலத்திலும் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில கிளைகள்தான். ஆனால் பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்குள் அவை மறுபடி பல வகைகளாகப் பெருகிவிட்டன. அப்புறம் 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலத்தின் முடிவில் இன்னொரு அடி. அதிலும் ஓரிரு கிளைகள் தப்பின. நம்ம பயல் கையில் வைத்திருக்கிறானே, அந்தக் கல் அப்படித் தப்பியவற்றின் வாரிசு. லைம் ரீஜிஸ் பாறைகள் அந்த அழிவுக்குக் கொஞ்சம் பிந்தியவை. அதைச் சொன்னால் அவன் கல்லைக் கீழே வைக்க மாட்டான்.

சீக்கிரம் சீக்கிரமாகப் புது இனங்களாகப் பிரிவதும், அதே வேகத்தில் பழைய இனங்கள் மறைவதும் அவற்றின் சுபாவம். புவியியல்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். எந்த அம்மோனைட் கிடக்கிறது என்று பார்த்தே பாறைக்கு வயது சொல்லிவிடலாம். 1860களில் புவியியலாளர் ப்ளான்ஃபோர்டு நம் பக்கத்துப் பாறைகளை உத்தத்தூர், திருச்சி, அரியலூர் என்று அடுக்கு பிரித்தார். தொல்லுயிர் ஆய்வாளர் ஸ்டோலிச்கா இங்கிருந்து போன சிப்பி, சங்கு, அம்மோனைட்டுகளை எல்லாம் கல்கத்தாவில் உட்கார்ந்து விவரித்து எழுதினார். பாவம், அந்த மனுஷன் 36 வயதில் லடாக்கில் இறந்துபோனார். நம் ஊரைப் பற்றி அவ்வளவு எழுதியவரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 2020இல் பெரம்பலூர் பக்கம் உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டு பார்த்தது. டைனோசர் என்றால்தான் கூட்டம் கூடும்.

சரி, நாட்டிலஸுக்கு வருவோம். அதன் குலம் இன்னும் பழையது, கிட்டத்தட்ட 50 கோடி ஆண்டு. ஆனால் மந்தமானது. அம்மோனைட்டுகள் சுருள், கோல், திருகு என்று புதுப்புது வடிவம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நாட்டிலஸ் வகைகள் அதிகம் மாறாமல் ஓர் ஓரமாக இருந்தன. இரண்டின் விதியையும் பிரித்தது முட்டை விஷயம் என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். அம்மோனைட் சின்னஞ்சிறு முட்டைகளை ஏராளமாக இடும். பொரிந்து வரும் குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவுதான், கடலின் மேல்மட்டத்தில் மிதவை உயிரிகளோடு மிதந்து வளரும். நீரோட்டம் தூக்கிப்போய் ஊர் ஊராகப் பரப்பும். நாட்டிலஸ் இடுவதோ சில பெரிய முட்டைகள். குஞ்சு வெளியே வர ஏறத்தாழ ஒரு வருஷம் ஆகும், வரும்போதே ஓடு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இருக்கும். ஆழத்தில் கிடைத்ததைத் தின்று மெதுவாக வாழும்.

சாதாரண காலத்தில் எது நல்ல ஏற்பாடு? சந்தேகமே இல்லை, அம்மோனைட்டுடையதுதான். ஆனால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் பக்கம் விண்கல் விழுந்தது. தூசியும் புகையும் வெயிலை மறைத்தன. கடலின் மேல்மட்டம் அமிலமாகி, மிதவை உயிரிகள் கொத்துக் கொத்தாக அழிந்தன. அம்மோனைட்டைப் பரவ வைத்த அதே இடத்தில்தான் அதன் குஞ்சுகள் மாட்டிக்கொண்டன. கபடி ஆடிக்கொண்டிருந்தவர்களை நடு ஆட்டத்தில் குளத்தில் தள்ளி, நீந்தியவனே ஜெயித்தவன் என்று அறிவித்த மாதிரிதான். நாட்டிலஸ் அந்த நாளுக்காகத் தயாராகி உட்கார்ந்திருக்கவில்லை. எதற்கோ அமைந்த உடம்பு எதற்கோ உதவியது.

பிழைத்ததால் அதற்கு ராஜ்யம் கிடைத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. காலியான கடலில் பெருகியவை மீன்கள். நாட்டிலஸ் குலத்தில் இன்று இருப்பது ஒரு கைப்பிடி இனங்கள்தான். அதையும் ஓட்டுக்காக மனிதர்கள் பிடித்துத் தள்ளியதால் 2016இல் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று.

உயிர்களின் வரலாறு முழுக்க இப்படித்தான் ஓடியிருக்கிறது என்று நினைக்கிறேன். நீண்ட அமைதிக் காலத்தில் தேர்ச்சியைக் கொடுப்பது ஒன்று, பேரழிவில் காப்பது வேறொன்று. அடுத்து யார் பெருகுவார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால்தான் "வீக், ஸ்ட்ராங்" என்ற கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பரில் வரும்போது அவனை நின்னியூர் பக்கம் கூட்டிப்போகிறேன். அந்தப் பாறைகள் விண்கல்லுக்குப் பிந்தியவை. தேடினாலும் அம்மோனைட் கிடைக்காது, ஆனால் நாட்டிலஸ் வகை கிடைத்திருக்கிறது. அதற்கு முன் காரை கிராமத்தில் இறங்கி அம்மோனைட் இருந்த களிமண்ணையும் பார்த்துவிடலாம். வாரணவாசி அருங்காட்சியகத்தை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்வோம். அவனுக்குப் பழைய ஷூ எடுத்து வா, மழை முடிந்த கையோடு காரைக் களிமண் சாமானியத்தில் விடாது. பயண டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

அன்புடன்,
அப்பா