பீனியாவிலிருந்து நானோ இயக்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக நானோ இயக்கத்தை (Nano Mission) தொடங்கிய டெல்லியின் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையினருக்கும், பெங்களூருவில் நானோ மாநாடு கூட்டும் கர்நாடக அரசின் அறிவியல் துறையினருக்கும் வணக்கம்.

நான் பெங்களூருவின் பீனியா தொழிற்பேட்டை இரண்டாம் ஸ்டேஜில் ஜிங்க் பிளேட்டிங் பட்டறை, அதாவது துருப்பிடிக்காமல் இருக்க இரும்புச் சாமான் மேல் துத்தநாகம் ஏற்றும் பட்டறை, வைத்திருக்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். பதினெட்டு வருடமாக போல்ட், நட், கிளாம்ப் என்று வருவதையெல்லாம் தொட்டியில் முக்கி எடுத்து அனுப்புவதுதான் பிழைப்பு. இப்போது என் மேஜை மேல் இரண்டு தகடுகள் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் இந்த மடல்.

முதல் தகடு, ஒரு விற்பனைக்காரர் டெமோ காட்டியது. ஐந்து லிட்டர் கேனில் 'நானோ கோட்டிங்' கொண்டு வந்தார். தகட்டில் பூசிக் காயவைத்து மேலே தண்ணீர் விட்டார். தாமரை இலையில் ஓடுகிற மாதிரி ஓடியது. பட்டறைப் பையன்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கூடி நின்று பார்த்தோம். நம்பி வாங்கினேன். ஒரு லாட் உதிரிகளுக்குப் பூசி சால்ட் ஸ்பிரே சோதனைக்கு அனுப்பினேன். 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புநீரை மூட்டமாக அடித்துக்கொண்டே இருக்கும் பெட்டி அது. பூச்சு உள்ளதும் இல்லாததும் ஒரே நேரத்தில் வெள்ளைத் துரு பூத்தன. லாட் முழுக்க ரிஜெக்ட். கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன துகள், எவ்வளவு சிறியது என்று ஒரு வரி கிடையாது. கேட்டால் கம்பெனி ரகசியமாம்.

இரண்டாவது தகடு விசிட்டிங் கார்டு அளவு. இந்த ஊர் ஆய்வகம் ஒன்றில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஒரு தம்பி, தான் செய்த நானோ பூச்சைப் போட்டுக் கொடுத்தது. அதையும் அதே பெட்டியில் வைத்தேன். என் வழக்கமான வேலையைப் போல மூன்று மடங்கு நேரம் தாங்கியது. மணிக்கணக்கைக் குறித்து வைத்த தாள் இன்னும் இருக்கிறது. சரக்கு நிஜம். ஆனால் அவர் அதைச் செய்தது ஒரு பீக்கரில். என் தொட்டி 600 லிட்டர். அவ்வளவு கரைசலில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படிந்தால் எப்படிக் கலைப்பது, நாள் முழுக்க உருப்படிகள் இறங்கி இரும்பு கலந்துவிட்டால் பூச்சு பிடிக்குமா, லிட்டருக்கு என்ன விலை விழும் என்று கேட்டேன். பாவம், அவர் ஆய்வேட்டில் இந்தக் கேள்விகளே இல்லை. கட்டுரை வெளிவந்தது, பட்டம் கிடைத்தது, அவர் வெளிநாடு போய்விட்டார்.

பொய்ச் சரக்கு பைக்கில் ஏறி என் வாசலுக்கே வந்தது. நிஜச் சரக்கு அரை மணி நேரத் தூரத்தில் இருந்தும் வந்து சேரவில்லை. ஏன்? இதைத்தான் நீங்கள் பணம் கொடுத்து ஆராய வேண்டும் என்று கேட்கிறேன்.

நீங்கள் செய்ததைக் குறைத்துப் பேசவில்லை. 2007-இல் 1,000 கோடி ரூபாயோடு நானோ இயக்கம் தொடங்கியது, 2014-இல் இரண்டாம் கட்டத்துக்கு 650 கோடி ஒதுக்கப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்தில் நானோவுக்கென்றே தனி மையம், வெளியாட்களும் வந்து பயன்படுத்தும் கருவிகள், ஜக்கூரில் சி.என்.ஆர். ராவ் கட்டி வளர்த்த ஜவஹர்லால் நேரு மையம். நானோ கட்டுரைகளின் எண்ணிக்கையில் உலகின் முதல் மூன்று நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எல்லாம் பெருமைதான். ஆனால் இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒருவர்கூட நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் தெருவுக்கு வந்து, "நானோ என்று எதையாவது வாங்கினீர்களா, வேலை செய்ததா, ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டதில்லை.

அமெரிக்காவில் கேட்டார்கள். 2003-இல் நானோ ஆராய்ச்சிக்குச் சட்டம் போட்டபோதே, அது சமூகத்தில் என்ன செய்கிறது என்பதையும் ஆராய வேண்டும் என்று அதில் எழுதிவிட்டார்கள். 2005-இல் அரிசோனாவிலும் சாண்டா பார்பராவிலும் அதற்கென்றே பல்கலைக்கழக மையங்கள் வந்தன. இதெல்லாம் எனக்கு என் அக்கா மகள் சொல்லித்தான் தெரியும். ஒரு தொழில்நுட்பம் எப்படிப் பரவுகிறது என்பதுதான் அவள் படிப்பு. நானோ கட்டுரைகளை எண்ணுவதே எவ்வளவு சிக்கல் என்று ஒருநாள் சொன்னாள். கணினியில் 'நானோ' என்று தேடினால் சோடியம் நைட்ரேட்டும் வந்து விழுமாம், அதன் வேதிக்குறியான NaNO3-இன் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் நானோ என்றுதான் வரும் என்பதால். நானோ நொடி, நானோ கிராம் எல்லாம் கூடவே வரும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையெல்லாம் சலித்தெடுக்க ஒரு தேடல் முறையையே உருவாக்கி 2008-இல் வெளியிட்டார்கள். எண்ணுவதற்கே இவ்வளவு பாடு என்றால், என் பட்டறை வரை வந்ததா என்று பார்க்க எவ்வளவு கவனம் வேண்டும்!

2015-க்குள் உலக நானோ சந்தை ஒரு லட்சம் கோடி டாலரைத் தொடும் என்று 2000-ஐ ஒட்டிய வருடங்களில் சொன்னார்கள். எதைக் கூட்டி அந்தத் தொகை? கார் கண்ணாடியில் ஒரு மெல்லிய நானோ பூச்சு இருந்தால் காரின் முழு விலையையும் நானோ கணக்கில் எழுதலாமா? அதே காலத்தில், 2006-இல், ஜெர்மனியில் 'மேஜிக் நானோ' என்று ஒரு குளியலறை ஸ்பிரே விற்றது. அடித்தவர்களில் நூறு பேர் அளவுக்கு மூச்சுத் திணறல். கடைசியில் அரசு நிறுவனம் சோதித்துப் பார்த்தால் அதில் நானோ துகளே இல்லை. அந்தச் சொல் மட்டும் சரக்கில்லாமல் தனியாகப் பயணம் செய்திருக்கிறது. என் கேனும் அந்த ஜாதிதான் என்று நினைக்கிறேன்.

ஊரில் மச்சான் நெல் போடுகிறார். 2021-இல் நானோ யூரியா என்ற திரவ உரம் வந்தபோது என்னைத்தான் கேட்டார், நான் 'கெமிக்கல்' ஆள் என்பதால். அரை லிட்டர் பாட்டில் 240 ரூபாய், 45 கிலோ யூரியா மூட்டைக்குச் சமம் என்றார்கள். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பாட்டிலில் 4 சதவீதம் நைட்ரஜன், அதாவது சுமார் 20 கிராம். மூட்டையில் 46 சதவீதம், சுமார் 20 கிலோ. ஆயிரம் மடங்கு வித்தியாசம். துகள் சிறியதால் இலை நேராகக் குடித்துக்கொள்ளும், அதனால் கொஞ்சமே போதும் என்பது தயாரித்தவர்கள் சொன்ன காரணம். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வயலில் போட்டுப் பார்த்தபோது நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்தது. 2023-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர் இந்த வாதத்தைக் கேள்வி கேட்டு எழுதினார்கள். இவை வெளியே வருவதற்குள் பாட்டில் கடைகடையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்ல?

நல்லபடி போய்ச் சேர்ந்ததும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழுவினர் நானோ துகளால் தண்ணீரிலிருந்து பூச்சிமருந்தை நீக்கும் வழி கண்டார்கள். 2007-இல் அது வீட்டு வடிகட்டிக்குள் ஏறி விற்பனைக்கு வந்தது. பிறகு ஆர்சனிக்கை நீக்கும் முறை கிராமங்கள் வரை போனது. அது எப்படி நடந்தது? மக்கள் ஏற்கெனவே சமையலறையில் மாட்டியிருந்த ஒரு சாமானுக்குள் அது போய் உட்கார்ந்தது என்பது என் ஊகம். ஊகத்தோடு நிற்கிறேன், ஏனென்றால் இதைத் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் பணம் கொடுத்த ஒவ்வொரு திட்டமும் முடிந்து ஐந்து வருடம் கழித்து, பத்து வருடம் கழித்து என்ன ஆனது என்று ஆள் வைத்துப் பாருங்கள். தோற்றதையும் பெயர் போட்டு வெளியிடுங்கள். எங்கே நின்றது என்று தெரிந்தால்தான் அடுத்தவன் அந்தப் பள்ளத்தில் விழமாட்டான். அந்த ஆய்வாளர்கள் காப்புரிமைப் பட்டியலோடு நின்றுவிடாமல் பீனியாவில், பொம்மசந்திராவில், ஓசூரில் மாதக்கணக்கில் உட்காரட்டும். கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் கேட்கத் தெரிந்தவர்களாக இருக்கட்டும், தொட்டியருகே நிற்கிறவன் பேசுவது அந்த மொழிகளில்தான். அப்புறம், நானோ என்று விற்கும் சரக்கில் என்ன துகள், என்ன அளவு என்று எழுதச் சொல்லுங்கள். பிரான்ஸில் நானோ பொருள் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் 2013 முதல் ஒவ்வொரு வருடமும் அரசுக்குக் கணக்குக் கொடுக்கிறார்கள். நம்மாலும் முடியும்.

இரண்டு தகடுகளின் பின்னாலும் தேதியும் சோதனை மணிக்கணக்கும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு அந்தக் கேனும் இருக்கிறது. ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பட்டறை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
பீனியாவிலிருந்து ஒரு பிளேட்டிங் பட்டறைக்காரன்